கேம்ல காசு போட்டுட்டு அப்புறம் புலம்பறவங்க பண்ற தப்புகள்

போன வருஷம் அக்கா போன் பண்ணா, "டேய், பேங்க் மெசேஜ் பாரு, எண்பது நூத்தறுபது எண்ணூறுன்னு போயிட்டே இருக்கு, என்னன்னே புரியல"ன்னு. எடுத்துப் பாத்தா பதினோரு ட்ரான்ஸாக்ஷன், மொத்தம் 3,440 ரூபா. எட்டாவது படிக்கற அவ பையன்தான். யூபிஐ ஆப்லயே ரிடீம் கோட் வாங்கி, அத ப்ளே ஸ்டோர்ல போட்டு, அங்கேர்ந்து கேமுக்குள்ள செல்லற டைமண்டா மாத்தி, டைமண்ட ஸ்பின்னுங்கற குலுக்கல்ல விட்டிருக்கான். அம்மா பின் நம்பர் உனக்கு எப்படிடா தெரியும்னு கேட்டா, "டெய்லி பால்காரருக்கு நான்தான மாமா அனுப்பறேன்"ங்கறான். அதுக்கு மேல என்னத்த கேக்கறது.

அக்கா கோவத்துல முதல்ல பண்ண காரியம், கேம அன்இன்ஸ்டால் பண்ணது. எல்லா வீட்லயும் இதான் நடக்குது, இதான் பெரிய தப்பும். பையன் கெஸ்ட் லாகின்ல ஆடிட்டு இருந்தான், மெயிலோட லிங்க் பண்ணல, அதனால ஆப் போனதும் ஐடியும் போச்சு. கேம் சப்போர்ட்ல கேட்டா முதல் கேள்வியே "ப்ளேயர் ஐடி என்ன?". அத ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தா பேசவாவது முடிஞ்சிருக்கும். பையன அப்புறம் திட்டிக்கலாம், முதல்ல ப்ரொஃபைல் பக்கம், பர்ச்சேஸ் ஹிஸ்டரி, பேங்க் மெசேஜ் மூணையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க.

சரி, பெரியவங்க நாம மட்டும் ஒழுங்கான்னா அதுவும் இல்ல. நாம பண்ற தப்பு, விலைய டைமண்ட்லயே பாக்கறது. ஒரு ஸ்கின் (கேரக்டருக்கு மாட்டற ட்ரெஸ் மாதிரி) 850 டைமண்ட், ஆனா டைமண்ட் பேக் 500க்கும் 1,000க்கும்தான் இருக்குன்னு வைங்க, 1,000 வாங்கறோம், 150 மிச்சம் நிக்குது, அத சும்மா விட மனசு வராது, அதுக்கு எதாவது வாங்கலாம்னு பாத்தா எல்லாமே 200க்கு மேல, மறுபடி டாப்-அப். அந்த மிச்சம் நிக்கறதுக்குத்தான் பேக்க அப்படி பிரிச்சு வெக்கறாங்கன்னு நான் நினைக்கிறேன். இது புதுசும் இல்ல. 2006ல ஆப்ளிவியன் கேமுக்கு குதிரைக் கவசம்னு ஒண்ண வித்தாங்க, எக்ஸ்பாக்ஸ்ல 200 பாயிண்ட், அதாவது இரண்டரை டாலர், குதிரைக்கு சட்டையான்னு அப்ப உலகமே சிரிச்சுது. 2025 ஏப்ரல்ல அதே கேம புதுப்பிச்சு ரீமாஸ்டரா விட்டப்ப டீலக்ஸ் எடிஷன்ல புதுசா குதிரைக் கவசம் இருந்துச்சு, யாரும் பெருசா சிரிக்கல. வாங்கறதுக்கு முன்னாடி கால்குலேட்டர எடுத்து ஸ்கினோட விலைய ரூபால போடுங்க, அதுவும் மிச்சம் நிக்கப்போற டைமண்டையும் சேத்து, ஏன்னா அதுவும் உங்க காசுதான்.

இப்ப ஸ்பின்னுக்கு வருவோம், நிறைய பேர் கவுந்து போற இடம் இதான். "ஒரு பர்சன்ட் சான்ஸ், அப்ப நூறு ஸ்பின் போட்டா ஒண்ணு வந்துடும்"னு ஒரு கணக்கு எல்லார் தலைலயும் ஓடுது. அப்படி உறுதி கிடையாது. ஒவ்வொரு ஸ்பின்னும் தனித்தனி, நீங்க முன்னாடி 99 தடவ தோத்தது அந்த மெஷினுக்கு தெரியாது. நூறு பேர் ஆளுக்கு நூறு ஸ்பின் போட்டா சுமார் 37 பேர் வெறுங்கையோட போவாங்க. அதனாலதான் சில கேம்ல இத்தனாவது ஸ்பின்ல கண்டிப்பா உண்டுன்னு ஒரு எல்லை வெக்கறாங்க, பிட்டின்னு சொல்வாங்க. கென்ஷின் இம்பாக்ட்ல அஞ்சு ஸ்டார், அதாவது ரொம்ப அபூர்வமான பரிசு, வர்ற சான்ஸ் 0.6 பர்சன்ட், 90 ஸ்பின்னுக்குள்ள ஒண்ணு உறுதி. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா கேரக்டர் பேனர்ல, அதாவது ஒரு கேரக்டர முன்னாடி காட்டி நடத்தற குலுக்கல்ல, அந்த ஒண்ணு நீங்க ஆசப்பட்ட ஆளாவே இருக்கணும்னு இல்ல, வேற ஆள் வந்தா திரும்ப முதல்லேர்ந்து, ஆக மோசமான கணக்குல 180. அந்த கேம்ல ஸ்பின்னுக்கு பேரு விஷ், டைமண்டுக்கு பதிலா ப்ரிமோஜெம், ஒரு விஷ்ஷுக்கு 160 ப்ரிமோஜெம், 180க்கு 28,800. "90ல வந்துடும்"னு பட்ஜெட் போட்டவன் 91வதுல நிறுத்துவானா? இவ்ளோ தூரம் வந்துட்டோமேன்னு இன்னொரு டாப்-அப்தான். ஸ்பின் போடறதா இருந்தா கடைசி எல்லை வரைக்கும் ஆகற ரூபாய பாருங்க, அது கட்டுபடியாகலன்னா முதல் ஸ்பின்னே வேணாம். அந்த கேம வெளியிடற கம்பெனி, பசங்ககிட்ட சான்ஸையும் செலவையும் மறைச்சு வித்ததா அமெரிக்காவுல எஃப்டிசிங்கற வர்த்தக ஆணையம் போட்ட கேஸ்ல, 2025 ஜனவரில 20 மில்லியன் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. பெல்ஜியம் 2018லயே காசுக்கு விக்கற லூட் பாக்ஸ், அதாவது உள்ள என்ன வரும்னு தெரியாம வாங்கற பெட்டி, சூதாட்டம்னு சொல்லிடுச்சு.

"பாதி விலைக்கு டாப்-அப், ஐடி பாஸ்வேர்ட் மட்டும் குடுங்க ப்ரோ"ன்னு இன்ஸ்டால வர்றவன பத்தி அதிகம் எழுத ஒண்ணுமில்ல. குடுக்காதீங்க. குடுத்து மாட்டிக்கிட்டா லேட் பண்ணாம சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

பிசில ஆடறவங்களுக்கு ஒண்ணு. ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல வாங்குன டிஎல்சிக்கு (கேமுக்கு மேல தனியா விக்கற கூடுதல் பகுதி) ரீஃபண்ட் கிடையாதுன்னு பல பேர் நம்பிட்டு இருக்காங்க, "நான் கேம 80 மணி நேரம் ஆடிட்டேனே"ன்னு. ரூல் அப்படி இல்ல. டிஎல்சி வாங்குனதுக்கு அப்புறம் அந்த கேம ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடிருக்கணும், வாங்கி 14 நாளுக்குள்ள கேக்கணும், டிஎல்சில வந்த பொருள செலவு பண்ணியிருக்கக் கூடாது. அதனால வாங்குன அன்னைக்கே திறந்து பாருங்க, சேல்ல வாங்கி மூணு மாசம் தூங்க விட்டுட்டு அப்புறம் வந்து அழுதா நடக்காது.

வாங்குனது நமக்கே சொந்தம்னு நினைக்கறது அடுத்தது. 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைல் தடை, 2022 பிப்ரவரில ஃப்ரீ ஃபயர், அதே வருஷம் ஜூலைல பப்ஜியோட இந்திய வடிவம் பிஜிஎம்ஐயவும் ஸ்டோர்லேர்ந்து தூக்குனாங்க, திரும்ப 2023 மே மாசம்தான் வந்துச்சு. நடுவுல சீசன் பாஸ் வாங்குனவன் கதி என்ன? வெளிநாட்லயும் இதேதான், யூபிசாஃப்டோட தி க்ரூ கேம் சர்வர 2024 மார்ச் கடைசில நிறுத்துனப்ப, காசு குடுத்து வாங்குன கேமையே திறக்க முடியல. ஸ்கின்ன வாடகையா நினைச்சு வாங்கறவனுக்கு மனசு கொஞ்சம் கம்மியா வலிக்கும்.

இனி கம்ப்ளைண்ட். ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டு கெட்ட வார்த்தைல திட்டறது கம்ப்ளைண்ட் ஆகாது. கூகுள் ப்ளேல வாங்குனதுன்னா 48 மணி நேரத்துக்குள்ள கூகுள்கிட்டயே ரீஃபண்ட் கேக்கலாம், அது தாண்டிட்டா பெரும்பாலும் கேம் கம்பெனிகிட்டதான் அனுப்புவாங்க. மெயில்ல ஜிபிஏன்னு ஆரம்பிக்கற ஆர்டர் நம்பர் வந்திருக்கும், அது இல்லாம பேசவே பேசாதீங்க. கம்ப்ளைண்ட் டிக்கெட்ல கதை எழுத வேணாம், தேதி, தொகை, ஆர்டர் நம்பர், ப்ளேயர் ஐடி, வாங்குனது என்ன, வந்தது என்ன, அவ்ளோதான். ஆள் இல்லாம தானா பதில் சொல்ற பாட் எதையாவது சொல்லி டிக்கெட்ட மூடுனா திரும்பத் திறங்க.

பொறுமையில்லாம நேரா பேங்க்குல டிஸ்ப்யூட், அதாவது இந்த காசு தப்பா போச்சுன்னு புகார், போடறவங்களும் உண்டு, யாரோ கார்ட திருடிட்டாங்கன்னா சரி, ஆனா நம்ம பையனே வாங்குனதுக்கு அப்படி போட்டா கேம் அக்கவுண்ட்டே லாக் ஆகலாம். ஃபோர்ட்நைட் கேம நடத்தற எபிக் கம்பெனி மேல போட்ட கேஸ்ல எஃப்டிசி சொன்ன குத்தத்துல இதுவும் ஒண்ணு, தப்பா போன காசுக்கு கார்ட் கம்பெனில டிஸ்ப்யூட் பண்ணவங்க அக்கவுண்ட்ட லாக் பண்ணாங்கன்னு. அந்த கேஸ்ல ரீஃபண்டுக்கு மட்டும் 245 மில்லியன் டாலர் எபிக் ஒதுக்க வேண்டி வந்துச்சு, ஆனா அது அமெரிக்காக்காரங்களுக்கு.

நம்ம ஊர்ல 1915 இருக்கு, நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். 2023 நவம்பர்ல மத்திய அரசு டார்க் பேட்டர்ன்னு 13 வகை ஏமாத்து வேலைய பட்டியல் போட்டு தடுத்துச்சு, அதுல பொய்யான அவசரமும் ஒண்ணு. "இன்னைக்கு மட்டும்"னு டைமர் ஓடற ஆஃபர் நாளைக்கும் அதே டைமரோட நின்னுச்சுன்னா ரெண்டு நாளும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. "ஏமாத்திட்டாங்க சார்"னு சொல்றத விட அந்த ரெண்டு படம் பேசும்.

கூட்டமா கத்துனா வேலை ஆகறதும் உண்டு. 2017ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2ல டார்த் வேடர்ங்கற கேரக்டர திறக்க 60,000 க்ரெடிட்னு (அந்த கேமோட காசு) வெச்சாங்க, கத்துன கத்துல 15,000 ஆச்சு, ரிலீஸுக்கு முந்தின நாள் காசு குடுத்து வாங்கற வசதியையே நிறுத்தி வெச்சாங்க. ஆனா அது விலைய மாத்தும், உங்க பாக்கெட்லேர்ந்து ஏற்கனவே போன எண்ணூற கொண்டு வராது.

எங்க விஷயத்துல 48 மணி நேரத்துக்குள்ள இருந்தது கடைசி ரெண்டு பர்ச்சேஸ்தான், 960 ரூபா. அது மட்டும் திரும்பி வந்துச்சு, அதுவும் பேங்க்குக்கு வரல, ரிடீம் கோட்ல போட்ட காசுங்கறதால ஸ்டோர் பேலன்ஸுக்கே போயிடுச்சு, வெளிய எடுக்க முடியாது. அக்கா பின் நம்பர மாத்திட்டா, பால்காரருக்கு இப்ப அவளே அனுப்பறா. ரெண்டு நாள் கழிச்சு பையன்கிட்டேர்ந்து எனக்கு வாட்ஸ்அப்: "மாமா, அந்த 960 அப்படியே இருக்குல்ல, ஒரு சின்ன பாஸ் மட்டும்?"