ஜிஃப் தேடவும் செய்யவும் எந்தத் தளம்?

சிரிப்பு, கைதட்டல், வாழ்த்து என்று ஆயத்த ஜிஃப் போதுமென்றால் ஜிஃபி, டெனார் இரண்டிலும் தேடினாலே கிடைத்துவிடும்.

சொந்த வீடியோவிலிருந்து செய்ய ஈஸிஜிஃப் (ezgif.com) தளம்தான் என் தேர்வு. கணக்கு தொடங்க வேண்டாம், வாட்டர்மார்க்கும் விழாது. பக்கம் பார்க்கப் பழசாக இருக்கும், வேலை சுத்தம். வீடியோவை ஏற்றி, தொடக்க நொடி, முடிவு நொடி இரண்டையும் கொடுங்கள். மூன்று, நான்கு நொடிக்கு மேல் போனால் ஃபைல் சட்டென்று பெருத்துவிடும். அகலத்தை 480 பிக்சலாகவும் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 10 ஆகவும் குறைத்தால் நன்றாகவே இளைக்கும். நிறம் கொஞ்சம் மங்கினால் பதற வேண்டாம், ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்கள்தான்.

வேறு தளம் கண்ணில் பட்டால் முதலில் ஒரு சின்ன கிளிப்பைக் கொடுத்துப் பாருங்கள். டவுன்லோடு செய்யும்போது பணம் கேட்கிறதா, மூலையில் தன் பெயரை ஒட்டுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.