தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி: செக்குபந்தி முதல் புலப்படம் வரை

விற்றுவிட்டு வந்த பூர்வீக வீட்டைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் வைத்துக்கொண்டு போகிறார்கள், வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கதவு எண்கள் பலமுறை மாறிவிட்டன. சாதிப் பெயரில் இருந்த தெருக்கள் பலவற்றுக்கு வேறு பெயர் வந்துவிட்டது. 1930-க்கும் 1975-க்கும் இடையில் கைமாறிய ஒரு கிராமத்து வீட்டுக்கு நிலையான அடையாளம் அதன் நான்கு எல்லைகள்தான். பத்திரத்தில் இதைத்தான் செக்குபந்தி என்பார்கள். கிழக்கே யார், மேற்கே யார் என்பது தெரிந்தால் வீடு கிடைத்துவிடும். ஆகவே தாத்தாவைத் தேடும் அளவுக்கு அவருடைய பக்கத்து வீட்டுக்காரரையும் தேட வேண்டும்.

முதல் வேலை வீட்டிலேயே

பெரியவர்களிடம் "வீடு எங்கே இருந்தது?" என்று கேட்டால் "பிள்ளையார் கோவில் பக்கம்" என்பதோடு நின்றுவிடும். கேள்வியை மாற்றுங்கள். வாசல் எந்தத் திசை பார்த்தது? திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே என்ன தெரிந்தது? குடிதண்ணீர் எந்தக் கிணற்றில் எடுத்தார்கள்? சாமி புறப்பாடு வாசல் வழியாக வந்ததா, தெருமுனையோடு திரும்பியதா? கொல்லைப்புறம் எதில் போய் முடிந்தது? வலப்பக்கத்து வீட்டில் யார், அவர்கள் பிள்ளைகள் பெயர் என்ன? பதில்களை ஒரு தாளில் தெரு வரைந்து அதிலேயே குறியுங்கள். அத்தையிடமும் பெரியப்பாவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் சொல்வதே மற்றவருடைய நினைவாகவும் ஆகிவிடும்.

பிறகு பரணில் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அஞ்சலட்டைகளில் உள்ள அஞ்சலக முத்திரை எல்லாம் உதவும். மொய் நோட்டு ஒரு புதையல். யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு எழுதினார்கள் என்று வரிசையாக இருக்கும், உள்ளூர் மொய்யில் அண்டை வீட்டார் பெயர்கள் அப்படியே கிடைக்கும். சீர்ப் பாத்திரங்களின் விளிம்பில் வெட்டிய பெயரையும் பாருங்கள். அதில் ஊர்ப் பெயர் சேர்ந்திருப்பதும் உண்டு. குலதெய்வக் கோவிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு இருந்தால், எந்த ஆண்டு வரை உங்கள் தாத்தா பெயரில் வரி வந்தது என்பதை வைத்து ஊரைவிட்டுக் கிளம்பிய காலத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

ஊரின் பெயரும் ஆண்டும்

வீட்டில் சொல்லும் ஊர்ப் பெயர் பெரும்பாலும் குக்கிராமத்தின் பெயர். பதிவேடுகளில் இருப்பதோ வருவாய்க் கிராமத்தின் பெயர். இந்த இரண்டும் பொருந்தாததால்தான் பலருடைய தேடல் முதல் நாளிலேயே நின்றுபோகிறது. அந்தக் குக்கிராமம் எந்த வருவாய்க் கிராமத்தில், எந்தக் குறுவட்டத்தில், எந்த வட்டத்தில் சேர்ந்தது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டத்தையும் அந்தக் காலத்துப்படி எழுதுங்கள். இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பத்திரங்களில் 1985-க்கு முன்பு பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் இருக்கும். திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் தஞ்சாவூர். கன்னியாகுமரி முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் அங்கே மலையாள ஆவணங்களும் கொல்லம் ஆண்டும் வரும். கொல்லம் 1100 என்பது 1924 ஆகஸ்டில் தொடங்கியது.

கிராமக் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். அதோடு 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1350 என்றால் 1940 ஜூலை 1 முதல் 1941 ஜூன் 30 வரை. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை, அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். பார்த்திப வருஷம் 1945-லும் தொடங்கியது, 2005-லும் தொடங்கியது, 1885-லும் தொடங்கியது. முத்திரைத்தாளில் யாருடைய தலை இருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில்

ஒரு சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியலான வில்லங்கச் சான்றுதான் நுழைவாயில். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதலான பதிவுகள் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கைப்பதிவில் தேடச் சொல்ல வேண்டும். எந்த அலுவலகம் என்பது முக்கியம். இன்று அந்தக் கிராமம் ஒரு புதிய சார்பதிவகத்தின் எல்லைக்குள் இருந்தாலும், பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்திலேயே இருக்கும். "எங்கள் கிராமம் எந்த ஆண்டு இந்த அலுவலகத்துக்கு மாறியது?" என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் முதல் புத்தகத்தில் படியெடுக்கப்படுகின்றன. அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று பெயர்வாரி, இன்னொன்று சொத்துவாரி. 57-ஆம் பிரிவின்படி கட்டணம் செலுத்தி யாரும் இவற்றைத் தேடிப் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். நீங்கள் வாரிசு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் யாரும் கேட்கலாம்.

சர்வே எண் தெரியாதபோது பெயர்வாரித் தேடலைக் கேளுங்கள். தாத்தா பெயரில் மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். பாட்டி பெயரிலும் தேடுங்கள், சீதனமாகவோ தான செட்டில்மெண்டாகவோ வந்த வீடுகள் ஏராளம். வேலாயுதம் என்பவர் வேலு என்றும், குலப்பட்டத்தோடும், தந்தையின் முதலெழுத்து இல்லாமலும் பதிவாகியிருப்பார். ஐந்தாறு வடிவங்களை எழுதிக் கொண்டுபோங்கள். ஆவண எண்ணும் ஆண்டும் கிடைத்துவிட்டால் முழு நகல் வாங்குங்கள். வில்லங்கச் சான்றில் வரும் சுருக்கம் போதாது. அப்பன் பேர், ஜீவனம், குடியிருந்த ஊர், கடைசியில் சாட்சிகள் என்று எல்லாம் முழு நகலில்தான் இருக்கும். சாட்சி போட்டவர் பெரும்பாலும் உறவினராகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருப்பார்.

"வில்லங்கம் இல்லை" என்று சான்று வந்தால் மனம் தளர வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்ணில் பதிவு இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். பழைய வீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் சர்வே எண்ணே கிடையாது, தெருவும் எல்லையும் மட்டும்தான். தவிர, நூறு ரூபாய்க்குக் குறைவான கிரயத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. சிறிய கூரை வீடு எழுபத்தைந்து ரூபாய்க்குக் கைமாறியிருந்தால் பதிவேட்டில் அது வராமலே போயிருக்கலாம்.

அந்த இடத்தில்தான் அண்டை வீட்டார் கை கொடுப்பார்கள். உங்கள் தாத்தாவின் பத்திரம் தொலைந்திருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டை விற்றவர் தன் பத்திரத்தில் உங்கள் தாத்தா பெயரை எல்லையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செக்குபந்தியைப் படிப்பது

பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: "சுப்பையா வீட்டுக்கு மேற்கு, கிழமேல் தெருவுக்கு வடக்கு, முனியாண்டி மனைக்குக் கிழக்கு, ஊரணிக் கரைக்குத் தெற்கு. இதன் மத்தியில் கிழமேல் ஜாதியடி 24, தென்வடல் ஜாதியடி 80. இதில் கட்டியுள்ள ஓட்டு வீடும் கொல்லையும்."

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, "மேற்கு" என்றதும் சுப்பையா வீடு மேற்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. சுப்பையா வீட்டுக்கு மேற்கே நம் வீடு இருக்கிறது என்பதுதான் பொருள். அதாவது சுப்பையா நமக்குக் கிழக்கே. தெருவுக்கு வடக்கே நாம் என்றால் தெரு தெற்கே, வாசல் பெரும்பாலும் தெற்குப் பார்த்தது. முனியாண்டி மேற்கே. ஊரணி நமக்கு வடக்கே, கொல்லைப் பக்கம். இதைத் தலைகீழாக வரைந்தால் தெருவின் எதிர்ச்சாரியில் போய் நிற்பீர்கள். சுப்பையாவின் பத்திரத்தில் இதே எல்லை "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு" என்று உங்கள் தாத்தா பெயரோடு இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் வீடு உறுதி.

அளவையும் மாற்றிப் பாருங்கள். 24-ஐ 80-ஆல் பெருக்கினால் 1,920 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஏறக்குறைய 4.4 சென்ட். மெட்ரிக்கில் சுமார் 178 சதுர மீட்டர். இன்றைய பட்டாவில் தேட வேண்டிய பரப்பளவு இதுதான். "குழி" என்று இருந்தால் வட்டாரம் பார்த்துக் கணக்கிடுங்கள், ஊருக்கு ஊர் மாறும். தஞ்சைப் பக்கம் குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, அது சுமார் 33 சென்ட். வேறு பகுதிக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

நத்தத்தில் புதிய எண்

1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் விளைநிலங்கள்தான் சரிபார்க்கப்பட்டன. குடியிருப்புப் பகுதியான கிராம நத்தம் பின்னால் தனியாக அளக்கப்பட்டது. அதற்கு முன் நத்தம் முழுவதும் ஒரே சர்வே எண்ணாக இருந்த ஊர்கள் பல. பழைய எண்ணைப் போட்டு வில்லங்கம் எடுத்தால் ஊரே வந்து விழுவது அதனால்தான். எல்லைப் பெயர்களைக் கொண்டு சலித்து எடுங்கள்.

நத்தம் அளவையில் முதலில் தோராயப் பட்டாவும், ஆட்சேபங்கள் முடிந்தபின் தூய பட்டாவும் கொடுத்தார்கள். அண்டை வீட்டாரின் வாரிசுகளிடம் உள்ள தூய பட்டாவில் இன்றைய எண் இருக்கும். அவர்களின் எண் 112/14 என்றால் உங்கள் வீடு 13-ஆகவோ 15-ஆகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு புலப்படத்தில், அதாவது அந்த சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடத்தில், முகப்பு அகலத்தை ஒப்பிடுங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்திருந்தால் வீடு பெரும்பாலும் நீளவாக்கில் பிளந்திருக்கும். 24 அடி முகப்பு 12, 12 என்று இரண்டு உட்பிரிவாகத் தெரியும். நகராட்சிக்குள் வந்துவிட்ட ஊர் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று தேட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

முப்பது மீட்டர் டேப், புலப்பட நகல், நீங்கள் வரைந்த தெருப்படம், தாத்தா பாட்டி புகைப்படம் ஆகியவை போதும். அளப்பதைக் கோவில், பொதுக்கிணறு, ஊரணி போன்ற மாறாத இடத்திலிருந்து தொடங்குங்கள். வீடுகள் இடிந்து மாடி எழும்பியிருந்தாலும் முகப்பு அகலமும் சந்துகளும் சுலபத்தில் மாறுவதில்லை.

இப்போது அங்கே குடியிருப்பவர்களுக்கு, பழைய சொந்தக்காரர் வீட்டார் வந்தால் "உரிமை கேட்டு வந்திருக்கிறார்களோ" என்ற பயம் வருவது இயல்பு. கையில் பத்திர நகலோடும் டேப்போடும் வாசலில் நிற்காதீர்கள். முதல்முறை அந்த வீட்டு வாசலுக்குப் போகும்போது புகைப்படத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். "எங்க தாத்தா இங்கதாங்க இருந்தாரு. பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம், வேற ஒண்ணும் இல்லைங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளப்பதாக இருந்தால் தெருவில் நின்று முகப்பை மட்டும், அதுவும் அவர்களைக் கேட்டுவிட்டு. படம் எடுப்பதற்கும் அப்படியே.

திரும்பியதும் வருவாய்க் கிராமம், பழைய சர்வே எண், இன்றைய நத்தம் எண், ஆவண எண்ணும் ஆண்டும், நான்கு எல்லைகளின் அன்றைய பெயரும் இன்றைய பெயரும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, பிரதி எடுத்து, அத்தை வீட்டிலும் பெரியப்பா வீட்டிலும் ஒன்று கொடுத்து வையுங்கள்.