போலீஸ் மனு: யார் பேருக்கு எழுதுவது, யார் கையில் கொடுப்பது

தருமபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்து இருபத்தொரு வருடம் ஆகிறது. பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு எல்லாம் எழுதுவேன். ஆனால் ஆட்கள் ரொம்பக் குழம்பி வருவது போலீஸ் மனுவுக்குத்தான்.

போன மாதம் அரூர் பக்கத்திலிருந்து ஒரு ஆயா வந்தார். பட்டியிலிருந்து ஏழு ஆடு களவு போயிருக்கிறது. மஞ்சள் பையைப் பிரித்து, நாலாக மடித்த ஒரு தபால் ரசீதைக் காட்டினார். முதலமைச்சருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பிய ரசீது. "பெரிய எடத்துக்கே போட்டுட்டேன் தம்பி, மூணு மாசமா ஒண்ணும் தெரியல" என்றார். ஸ்டேஷனில் கொடுத்தீர்களா ஆயா என்று கேட்டேன். இல்லை.

சென்னைக்குப் போகும் மனுவை அங்கேயே உட்கார்ந்து யாரும் விசாரிப்பதில்லை. அது மாவட்ட எஸ்.பி.க்கு வரும், அவர் உட்கோட்ட டி.எஸ்.பி.க்கு அனுப்புவார், அங்கிருந்து ஆய்வாளர், அப்புறம் எஸ்.ஐ. கடைசியில் ஆயா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே ஸ்டேஷனில்தான் வந்து நிற்கும். அதனால் முதல் மனுவை ஸ்டேஷனில் கொடுங்கள். மேலே போக வேண்டி வந்தாலும், கீழே கொடுத்ததற்கு அத்தாட்சி கையில் இருந்தால்தான் மேலே உங்கள் பேச்சு எடுபடும்.

ஸ்டேஷனுக்குள் போனால் யார் யார் என்று தெரிய வேண்டும். வாசலில் காவல் நிற்பவர் பாரா. அவரிடம் கதை முழுக்கச் சொல்ல வேண்டாம், மனு கொடுக்க வந்தேன் என்றால் போதும். சட்டைக் கையில் மூன்று பட்டை இருந்தால் தலைமைக் காவலர், நம் ஊர் வழக்கில் ஏட்டு. ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். பதவியில் பெரியவர் இல்லை, ஆனால் பதிவேடு எல்லாம் அவர் கையில்தான் இருக்கும். உங்கள் மனுவுக்கு நம்பர் விழுவது அவர் மேசையில். அவரிடம் நிதானமாக, மரியாதையாகப் பேசுங்கள். ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருக்கிற மனிதர் அவர்.

தோளில் இரண்டு நட்சத்திரம், கீழே சிவப்பு நீல ரிப்பன் என்றால் எஸ்.ஐ. மூன்று நட்சத்திரமும் ரிப்பனும் இருந்தால் ஆய்வாளர். மூன்று நட்சத்திரம் இருந்து ரிப்பன் இல்லையென்றால் டி.எஸ்.பி. இதைத் தெரியாமல் டி.எஸ்.பி.யை ஆய்வாளர் என்று நினைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிங்கமுக முத்திரையும் ஒரு நட்சத்திரமும் எஸ்.பி.க்கு. அவருக்கு மேலே சேலத்தில் டி.ஐ.ஜி.; சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டமும் அவர் சரகம். கோவையில் மேற்கு மண்டல ஐ.ஜி., சென்னையில் டி.ஜி.பி.

பெறுநர் இடத்தில் அதிகாரியின் பெயரை எழுதாதீர்கள். "உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்" என்று பதவியைப் போட்டு ஸ்டேஷன் பெயரை எழுதுங்கள். ஆள் மாறுதலாகிப் போனாலும் மனு அந்த நாற்காலியில் இருக்கும். உள்ளே முதலில் தேதி, நேரம், இடம். அப்புறம் என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். ஆத்திரத்தில் எதிராளியின் பரம்பரையையே எழுதச் சொல்வார்கள், எழுத மாட்டேன். களவு என்றால் பொருளின் அடையாளமும் மதிப்பும் கட்டாயம் வேண்டும். ஆயாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன்: இரண்டு கிடாய், ஐந்து பெட்டை, ஒன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும், இன்றைய சந்தை விலை இவ்வளவு. இதில் விலை சும்மா இல்லை. இப்போதுள்ள சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் கீழான களவை, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத வகையில் வைத்துவிடலாம். மதிப்பு எழுதாத மனு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்னைத் தேடி வர வேண்டும் என்பதே இல்லை. வாயால் சொன்னாலும் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தத் தொழிலுக்கு வரும் முன்னால் என் மொபெட் தொலைந்தது. ஒரு ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால், அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். இன்சூரன்சில் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வண்டியும் போச்சு, பணமும் போச்சு. அன்றிலிருந்து சீல் வாங்காமல் வராதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். பத்திரமாக வையுங்கள். ஆனால் அது எஃப்.ஐ.ஆர். இல்லை, மனு வந்தது என்பதற்கு அத்தாட்சி மட்டும்தான். களவு, அடிதடியில் பலத்த காயம் போன்றவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.), மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமாக இருந்தால் எஃப்.ஐ.ஆர். போடும் முன்னால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். அந்த 14 நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

"எங்க லிமிட் இல்ல" என்ற பதில் ஓசூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பெங்களூரு பஸ்ஸில் செல்போன் போனால் எல்லையோர அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அலையவிடுவார்கள். எல்லை எதுவானாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். "ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடுங்க ஐயா" என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள்.

வரப்புத் தகராறு மட்டும் வேறு. அளந்து கல் நடுவது தாலுகா ஆபீஸ் சர்வேயர் வேலை. அடிதடி ஆனால்தான் ஸ்டேஷன்.

ஸ்டேஷனில் வழக்குப் பதிய மறுத்தால் அடுத்தது எஸ்.பி. நேரிலும் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம்; தபாலில் அனுப்புவது சலுகை இல்லை, புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. எஸ்.பி. ஆபீஸில் புதன்கிழமை மனு வாங்குவார்கள். காலையிலேயே வந்துவிடுங்கள். பழைய மனுவின் சீல் போட்ட பிரதி, சி.எஸ்.ஆர்., ஆதார் நகல் மூன்றையும் பின்னால் வைத்துக் குத்துங்கள். செல்போன் நம்பரை மனுவின் தலையில் பெரிதாக எழுதுங்கள், விசாரணைக்கு அதில்தான் கூப்பிடுவார்கள். ஆயாவுக்கு போன் கிடையாது. பேரன் நம்பரைப் போட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு முதலில் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் பையன் கூப்பிட்டு சி.எஸ்.ஆர். நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாசித்தான், என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.