அமெரிக்க மூதாதையரைத் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவரின் பெயரை இணையத்தில் தட்டினால், கொள்ளுத்தாத்தா வரை ஒரு வம்சாவளி ஆயத்தமாக வந்து நிற்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. யாரோ ஒருவர் அவசரத்தில் போட்டதை மற்றவர்கள் பார்த்து எழுதியிருப்பார்கள். பத்துப் பேர் சொன்னாலும் சாட்சி ஒன்றுதான். ஆவணம் எதையும் காட்டாத வம்சாவளியைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அதிகம் பேர் இடறுவது சென்சஸில். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த அந்தக் கணக்கில் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும்; மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் வீட்டிலிருந்த, அடிமைகளல்லாத எல்லோருடைய பெயரும் வருகிறது. ஆனால் தலைவருக்கு அவர்கள் என்ன உறவு என்ற கேள்வி 1880இல்தான் சேர்ந்தது. இடையிலுள்ள மூன்று கணக்குகளில் ஓர் ஆண், ஒரு பெண், நான்கு சிறுவர்கள் என்று பார்த்ததுமே அப்பா, அம்மா, பிள்ளைகள் என முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் பெண் இரண்டாம் தாரமாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம். சிறுவர்களில் ஒருவன் தாய்தகப்பனை இழந்த அண்ணன் மகனாக இருக்கலாம். வயதையும் நம்பிவிட முடியாது. வீட்டில் ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்லியிருக்கலாம். பத்தாண்டில் ஏழு வயது மட்டுமே கூடியவர்களும் உண்டு.

1890 கணக்கைத் தேடி மெனக்கெட வேண்டாம். 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அது பெரும்பாலும் பாழாகி, மிஞ்சியதையும் பிற்பாடு அழித்துவிட்டார்கள். அந்த இடைவெளிக்கு நகர டைரக்டரி (ஊராரின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய புத்தகம்), வரிப் பட்டியல், சில மாநிலங்கள் தாமே எடுத்த கணக்கு ஆகியவைதான் கதி.

அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் நிலை வேறு. 1850, 1860 ஆண்டுகளில் அவர்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அவர்களுக்கோ பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டும்தான். அவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870இல். அந்தக் குடும்பப்பெயர் கடைசி உரிமையாளருடையது என்று ஊகித்து வெள்ளைக் குடும்பமொன்றின் பின்னால் போவது அடிக்கடி நடக்கும் பிழை. முந்தைய உரிமையாளருடையதாகவோ அவர்களே தேர்ந்ததாகவோ இருக்கலாம். உரிமையாளரின் உயிலும் சொத்துப் பட்டியலும்தான் பெரும்பாலும் வழிகாட்டும். மனதைப் பிசையும் வேலை, ஆனால் வேறு வழியில்லை.

ஒரே பெயர்க் குழப்பத்துக்கு நம் பக்கத்து உதாரணமே போதும். வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டரின் தந்தை டாக்டர் ஜான் ஸ்கட்டர். 1819இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய தாத்தாவும் டாக்டர் ஜான் ஸ்கட்டர்தான். தொழிலும் ஒன்று, சமயப்பணியும் ஒன்று. ஆண்டைப் பார்க்காவிட்டால் இருவரையும் ஒருவராக்கிவிடுவோம். 'ஜூனியர்' என்றிருந்தால் மகன் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. அந்தக் காலத்தில் ஓர் ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் இளையவரை, உறவே இல்லாவிட்டாலும், அப்படிக் குறித்தார்கள்.

குடும்பம் அசையாமலே கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) மாறியிருக்கும், மாநிலமும் மாறியிருக்கும். மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானதே 1863இல்தான். பழைய பத்திரங்கள், புதியது பிரிந்துபோன தாய்க் கவுண்டியின் நீதிமன்றத்திலேயே கிடக்கலாம். அப்புறம், நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லாத குடும்பம் இல்லை. அவர்கள் பார்த்தது, பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த கப்பல் பட்டியலை. தவிர, அந்த நிலையம் திறந்ததே 1892இல். 1860இல் வந்தவரை அங்கே தேடி என்ன பயன்?

பலர் எட்டிப்பார்க்காத புதையல், வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் பென்ஷன் கோப்பு. விதவைகள் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறந்த தேதியையும் நிரூபிக்க வேண்டியிருந்ததால், குடும்ப பைபிளின் பக்கத்தைக் கிழித்தே இணைத்தவர்கள் உண்டு. வடக்குப் படையினரின் கோப்புகளை வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். தெற்குப் படையினருக்கு பென்ஷன் தந்தது தென்மாநிலங்கள். எனவே அவர் போரிட்ட மாநிலத்தை விட்டுவிட்டு, முதுமையில் குடியிருந்த மாநிலத்தின் காப்பகத்தில் தேடுங்கள்.