ஊரில் லேப் டெக்னீஷியன், அமெரிக்காவில் அடுத்து என்ன?

சென்னையிலோ மதுரையிலோ சில வருடம் லேப்பில் வேலை பார்த்துவிட்டு, கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் எச்4 விசாவில் அமெரிக்கா வந்து இறங்குபவர்கள் நிறையப் பேர். "இப்போது வேலை பார்க்கவே அனுமதி இல்லை, லேப் சான்றிதழ்த் தேர்வை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வேலை பார்க்கத்தான் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும், தேர்வு எழுத அது தேவையில்லை. இன்னொன்று, அனுபவத்தைக் காட்டித் தகுதி பெறும் வழியில் அந்த அனுபவம் கடந்த 10 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் நீங்கள் சம்பாதித்த தகுதியிலிருந்துதான் கழிகிறது.

இங்கே பெரும்பாலான மருத்துவமனைகள் கேட்பது ஏஎஸ்சிபி (அமெரிக்க மருத்துவ நோயியல் சங்கம்) தரும் எம்எல்எஸ், அதாவது மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட் சான்றிதழ். ஏஎம்டி என்ற அமைப்பும் சான்றிதழ் தருகிறது. ஆனாலும் வேலை விளம்பரங்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஏஎஸ்சிபி என்ற பெயரைத்தான். அதனால் முதலில் அதற்கே முயலுங்கள்.

புத்தகத்தைத் திறக்கும் முன் காகிதங்களைச் சரி செய்யுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலை ஏஎஸ்சிபி ஏற்கும் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம், பாடவாரியாக மதிப்பிடக் கொடுக்க வேண்டும். மூன்று வருட பி.எஸ்சி. முடித்தவர்கள் இங்கே கவனமாக இருங்கள். சில நிறுவனங்கள் அதை அமெரிக்க இளங்கலைக்குச் சமமாக ஏற்பதில்லை. பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். டிஎம்எல்டி என்ற லேப் டிப்ளமோ மட்டும் முடித்தவர்களுக்கு எம்எல்எஸ் நேரடியாகக் கிடைக்காது, இளங்கலைப் பட்டம் வேண்டும்.

அனுபவக் கடிதமும் அதே அளவு முக்கியம். "இவர் எங்களிடம் நன்றாக வேலை செய்தார்" என்ற கடிதத்தால் பயனில்லை. பிளட் பேங்க், பயோகெமிஸ்ட்ரி, ஹெமட்டாலஜி, மைக்ரோபயாலஜி என்று எந்தெந்தப் பிரிவில் என்ன செய்தீர்கள் என்பது ஏஎஸ்சிபி தரும் படிவத்தில் பதிவாக வேண்டும். வேலை பார்த்த லேப், மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரச்சான்று பெற்றதா என்றும் பாருங்கள். நம் ஊர் என்ஏபிஎல் அங்கீகாரம் அந்தத் தரத்தின்படிதான் தரப்படுகிறது என்பதால், அந்தச் சான்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் விமானம் ஏறாதவர்கள் இதையெல்லாம் கையெழுத்தோடு முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய மேலதிகாரி வேலை மாறிப் போய்விட்டால் இங்கிருந்து அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பல வருடம் மைக்ரோவில் மட்டுமே இருந்தவர்கள் மனம் தளர வேண்டாம், ஒரே பிரிவுக்கான சான்றிதழ்த் தேர்வுகளும் உண்டு.

நீங்கள் வசிக்கும் மாநிலத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா, டென்னசி போன்ற சில மாநிலங்களில் சான்றிதழோடு மாநில உரிமமும் கட்டாயம். டெக்சாஸில் அப்படி ஒன்று கிடையாது.

சரி, தேர்வுக்கு வருவோம். இரண்டரை மணி நேரத்தில் 100 கேள்விகள், பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையத்தில், கணினியில். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாகும், தவறினால் எளிதாகும். அதனால் போகப் போகக் கஷ்டமாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. 999க்கு 400 எடுத்தால் தேர்ச்சி. மேலே சொன்ன நான்கு பெரிய பிரிவுகளும் தலைக்கு 17 முதல் 22 சதவீதம். சிறுநீர் மற்றும் உடல் திரவங்கள், இம்யூனாலஜி, லேப் நிர்வாகம் ஆகியவை 5 முதல் 10 சதவீதம்.

என் அனுபவத்தில் நம்மவர்கள் தடுமாறும் இடம் பிளட் பேங்க். கிராஸ்மேட்ச் ஆயிரக்கணக்கில் செய்திருப்போம், ரத்தத்தில் எந்த ஆன்டிபாடி இருக்கிறது என்று கண்டறியும் ஆன்டிபாடி பேனலைக் கையில் எடுத்தே இருக்க மாட்டோம். தேர்விலோ கேள்வி இப்படி வரும்: ரத்தம் ஏற்றி ஒரு வாரம் கழித்து நோயாளிக்கு ஹீமோகுளோபின் குறைகிறது, பிலிருபின் ஏறுகிறது, சிவப்பணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருப்பதைக் காட்டும் நேரடி கூம்ப்ஸ் பரிசோதனை பாசிட்டிவ். எந்த ஆன்டிபாடியைச் சந்தேகிப்பீர்கள்? கிட் (Kidd) என்ற ரத்த வகைத் தொகுதியின் ஆன்டிபாடி ரத்தத்தில் அளவு குறைந்து, பரிசோதனையில் சிக்காமல் ஒளிந்திருந்து, மறுபடி அதே ஆன்டிஜன் வந்ததும் கிளம்பும் என்பது தெரிந்தால்தான் பதில் வரும். என்சைம் பயன்படுத்தினால் டஃபி, எம், என் ஆகிய ஆன்டிஜன்கள் அழியும், ஆர்எச், கிட் வலுப்படும். பேனலைத் தினமும் ஒன்றாவது தாளில் போட்டுப் பழகுங்கள், படித்து மட்டும் இது வராது. பாம்பே ரத்த வகையைப் பற்றிக் கேட்டால் மட்டும் நமக்குச் சுலபம். 1952இல் மும்பையில் கண்டறிந்து பெயரிட்ட வகை அல்லவா!

மைக்ரோவில் நிலைமை வேறு. மலேரியாவும் ஃபைலேரியாவும் நமக்குத் தண்ணீர் பட்டபாடு. ஆனால் உண்ணி பரப்பும் பபீசியா என்ற ஒட்டுண்ணியை ஸ்லைடில் பார்த்திருக்க மாட்டோம். வளையம் மலேரியா போலவே இருக்கும், நிறமி இருக்காது, சில சமயம் நான்கு சேர்ந்து சிலுவை போலத் தெரியும். அரிசோனா, கலிபோர்னியா பக்கம் காக்சிடியாய்டிஸ், ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் பகுதிகளில் ஹிஸ்டோபிளாஸ்மா என்று பூஞ்சைகளை இந்த நாட்டு வரைபடத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

லேப் தரக் கட்டுப்பாட்டுக்கான வெஸ்ட்கார்ட் விதிகளை ஒரு நாள் உட்கார்ந்து முடித்துவிடலாம். மில்லிமோல் கணக்கில் பழகியவர்கள் குளுக்கோஸை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும்.

ஈஏடி வந்து, தேர்வு இன்னும் முடியவில்லை என்றால் சாம்பிள்களைப் பிரித்து வைக்கும் ஸ்பெசிமன் பிராசசர் வேலையில் சேருங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் லேப்புக்குள் இருப்பீர்கள், காலியிடம் வருவது முதலில் உங்கள் காதில் விழும்.

தேர்வு முடிந்த உடனே தேர்ச்சியா இல்லையா என்ற முதற்கட்ட முடிவு திரையிலேயே வந்துவிடும். மதிப்பெண் விவரம் பிறகு வரும். தேர்ச்சி பெற்றதும் மாநில உரிமம் தேவைப்படுபவர்கள் அன்றே அதற்கு விண்ணப்பியுங்கள். சான்றிதழைத் தக்கவைக்க 3 ஆண்டுக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே பயிற்சிச் சான்றுகளை ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள்.