துளைவழி நிணநீர்க் கணு அறுவை: வீட்டார் அறிந்து செய்ய வேண்டியவை

தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கருப்பையில் தோன்றும் புற்றுநோய் இடுப்புக்குள் இருக்கும் இத்தகைய கணுக்களுக்குப் பரவக்கூடும் என்பதால், கருப்பையை எடுக்கும்போது அவற்றையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். முன்பு இருபுறக் கணுக்களையும் மொத்தமாக அகற்றினார்கள். இப்போது, தகுந்த நோயாளிகளுக்கு, கருப்பை வாயில் இண்டோசயனின் கிரீன் என்னும் பச்சைச் சாயத்தை ஊசியால் செலுத்தி, வயிற்றில் இட்ட சிறு துளைகளின் வழியே அகச்சிவப்புக் கேமராவால் பார்த்து, சாயம் முதலில் சென்று சேரும் சென்டினல் கணுக்களை மட்டும் எடுக்கிறார்கள்.

ஆசாரிப்பள்ளமோ, நெய்யூரோ, திருவனந்தபுரமோ, எங்கே சிகிச்சை பெற்றாலும், சென்டினல் கணு மட்டுமா அல்லது எல்லாக் கணுக்களுமா என்பதையும், ஒரு பக்கம் சாயம் ஏறாவிட்டால் அந்தப் பக்கம் என்ன செய்வார்கள் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். அப்பக்கத்துக் கணுக்களை முழுமையாக எடுப்பதே வழக்கம். அயோடின் ஒவ்வாமை இருந்தாலும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலும் மறக்காமல் சொல்லுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மருத்துவர் வயிற்றைத் திறந்தே செய்ய வேண்டும் என்றால், துளைவழிதான் வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். அந்த நோய்க்கான பெரிய அறுவையில் துளைவழி செய்துகொண்டவர்களுக்கு நோய் மீண்டும் வந்தது அதிகம் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அறுவைக்கு முந்தைய நாள் தையல் டேப்பால் இரு கால்களிலும் கணுக்கால், முழங்காலுக்குக் கீழ், நடுத்தொடை ஆகிய இடங்களை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்; ஆனால் கணுக்களை எடுத்ததால் பின்னாளில் வரக்கூடிய கால் வீக்கத்தைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அறுவைக்குப் பின் ஓரிரு நாள் தோள் வலிக்கும். வயிற்றில் நிரப்பிய வாயுவால் வருவது, நடக்க நடக்கக் குறையும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை அதே இடங்களில் அளந்து பாருங்கள். நிணநீர் வடியாமல் கால் வீங்குவது சில மாதங்கள் கழித்தும், ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். யானைக்கால் என்று ஊரார் பேசுவார்களோ என்று புடவைக்குள் மறைக்க வேண்டாம். இது கொசுவால் வந்ததும் அன்று, பிறருக்குத் தொற்றுவதும் அன்று. இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு தெரிந்தாலே மருத்துவரிடம் காட்டினால், அளவெடுத்த அழுத்தக் காலுறையும் பயிற்சியும் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும்.

முந்திரி ஆலையில் காலை மடக்கி அமர்ந்து பருப்பு உடைப்பவர்கள் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறுங்காலோடு போகக் கூடாது. அட்டை கடித்த இடத்தையும் முள் கீறலையும் அன்றே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் சென்று, இடுப்புக் கணுக்கள் எடுக்கப்பட்டவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.