வாடி ரம் பாலைவனத்தில் ஜீப் சுற்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோர்டானுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் வைத்திருப்பது பாறையைக் குடைந்து கட்டிய பழைய நகரமான பெட்ராவைத்தான். தெற்கே இருக்கும் வாடி ரம் பாலைவனத்துக்கு, பெட்ராவிலிருந்து கடற்கரை நகரமான அகாபாவுக்குப் போகும் வழியில் ஓர் அரை நாள் ஒதுக்குவார்கள். நேரம் இல்லாதவர்களுக்கு அதுவே போதும். இரண்டு மணி நேரமோ நான்கு மணி நேரமோ ஜீப்பில் சுற்றினாலும் நிறைவாகப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தை வீணாக்குவதும் மிகச் சுலபம். அங்கே போய் வந்தவர்கள் "எல்லாப் பாறையும் ஒரே மாதிரிதான் இருந்தது" என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் போன நேரத்தையும், ஜீப் நின்ற இடங்களையும் கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

முதல் தவறு முன்பதிவின்போதே நடந்துவிடுகிறது. ஒருவர் நான்கு மணி நேரத்தில் ஆறு இடம் காட்டுகிறார், இன்னொருவர் அதே பணத்துக்கு ஒன்பது இடம் காட்டுகிறார் என்றால், நாம் ஒன்பதைத்தான் தேர்ந்தெடுப்போம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மணலில் பத்து நிமிடம் என்று வைத்தாலும், ஒன்பது இடத்துக்குத் தொண்ணூறு நிமிடம் ஓட்டத்திலேயே போய்விடும். நடுவில் தேநீருக்கு அரை மணி நேரம். மிச்சத்தைப் பங்கு போட்டால் ஓர் இடத்துக்குக் கால் மணி நேரத்துக்கும் குறைவு. சிவப்பு மணல்மேட்டின் உச்சிக்கு மூச்சு வாங்க ஏறவே அவ்வளவு ஆகும். ஏறிய கையோடு கீழே இருந்து டிரைவர் ஹாரன் அடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஒன்பது இடம் கேட்டது நாம்தான்.

நான்கு மணி நேரம் இருந்தால் நான் சொல்வது இவ்வளவுதான்: கஸாலி மலை இடுக்கு, ஒரே ஒரு மணல்மேடு, இயற்கையாக உண்டான ஒரு பாறைப் பாலம், கடைசியில் சூரிய அஸ்தமனம். இரண்டு மணி நேரம்தான் என்றால் கஸாலியும் மணல்மேடும் போதும். 'லாரன்ஸ் வீடு' என்று காட்டப்படும் இடிந்த சுவர்களை விட்டுவிடலாம். 1917இல் துருக்கிய ஆட்சிக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியின்போது பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது உண்மை. அதற்காக அவர் பெயர் ஒட்டிய எல்லா இடத்திலும் ஜீப்பை நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்தது நேரம். இதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். அகாபாவிலிருந்து சாலை வழியே சுமார் ஒரு மணி நேரம், பெட்ராவை ஒட்டிய வாடி மூசா ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். காலை உணவை நிதானமாக முடித்துவிட்டுக் கிளம்பினால் ஜீப்பில் ஏறும்போது மணி பதினொன்று ஆகிவிடும். அகாபாவிலிருந்து ஒரு நாள் பயணமாக வரும் பஸ்களும் அந்த நேரத்தை ஒட்டியே வரும். உச்சி வெயிலில் பாறைகளுக்கு நிழல் மிகக் குறைவு. நிழல் இல்லாவிட்டால் மடிப்பும் பிளவும் தெரியாது, சிவப்பு வெளிறிப்போகும். பாறையில் உள்ள இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. சாய்ந்த வெயில் பட்டால் அதே பாறை அரை மணிக்கு ஒரு நிறமாகத் தெரியும். ஆகவே அஸ்தமனத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். இல்லையென்றால் முந்தின இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் கிளம்புங்கள்.

இதில் ஒரு சிறு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2022 முதல் ஜோர்டான் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதை நிறுத்திவிட்டது. ஆண்டு முழுவதும் கோடைகால நேரம்தான். அதனால் டிசம்பரில்கூட சூரியன் மறைய ஐந்தரை மணி தாண்டிவிடும். பழைய பயணக் குறிப்புகளில் 'நாலரைக்கே இருட்டிவிடும்' என்று படித்துவிட்டு மதியம் பன்னிரண்டுக்கே ஜீப் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். போகும் நாளுக்கான அஸ்தமன நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

துபாய் சஃபாரியை எதிர்பார்க்காதீர்கள்

வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் விடுமுறைக்கு ஜோர்டான் போவது இப்போது சாதாரணம். துபாய் மணல்மேடுகளில் காரை ஏற்றி இறக்கிக் குலுக்கும் சஃபாரியைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கேயும் அதையே கேட்கிறார்கள். வாடி ரம் அந்த மாதிரிப் பாலைவனம் இல்லை. கருங்கல் அடித்தளத்தின் மேல் நிற்கும் மணற்கல் மலைகளும், அவற்றுக்கு நடுவே அகலமான மணல் சமவெளிகளும்தான் இந்த நிலம். மணல்மேடுகள் அங்கங்கே மலையடிவாரத்தில் காற்று குவித்தவை. இங்கே ஜீப் வெறும் வாகனம். இறங்கி நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"இன்னும் வேகமா போங்க, குறுக்கே விடுங்க" என்று டிரைவரைத் தூண்டிவிடுவது எனக்கு உண்மையாகவே கோபம் வரவைக்கும் விஷயம். ஏற்கனவே இருக்கும் தடத்தை விட்டு விலகினால் சக்கரத்தடியில் நசுங்குவது ஒட்டகங்களும் ஆடுகளும் மேயும் புதர்கள். ஆண்டுக்குக் கொஞ்சமே மழை பெய்யும் இடத்தில் ஒரு புதர் மறுபடி தழைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று யோசியுங்கள். டயர் தடங்களும் லேசில் அழிவதில்லை. அப்புறம் அந்த ஜீப் என்பதே பெரும்பாலும் பின்பக்கம் பெஞ்சு பொருத்திய பழைய டொயோட்டா பிக்கப். பின்னால் சீட் பெல்ட்டை எதிர்பார்க்க முடியாது. சின்னக் குழந்தைகளையும், முதுகுவலி உள்ளவர்களையும், கர்ப்பிணிகளையும் டிரைவர் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார வையுங்கள். அந்த இடம் வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது.

கல்லில் இருப்பதைப் பார்க்காமல் வருவது

2011இல் யுனெஸ்கோ வாடி ரம்மை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இயற்கை, பண்பாடு இரண்டுக்காகவும் சேர்த்து அறிவித்தது. ஏறக்குறைய 74,000 ஹெக்டேர் பரப்பில் 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்வெட்டுகளும் இருப்பதாகவும், அவை 12,000 ஆண்டு மனித வாழ்வைக் காட்டுவதாகவும் அதன் குறிப்பு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டைக் கோயில் சுவரில் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஆர்வம் தராமல் போகக் கூடாது. ஆனால் குறுகிய சுற்றில் வருகிறவர்கள் கஸாலி இடுக்கின் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

உள்ளே போங்கள். மலையில் விழுந்த ஒடுக்கமான பிளவு அது. இரண்டு பக்கச் சுவரிலும் தமூதிக் என்ற பழைய அரேபிய எழுத்துகள், பெட்ராவைக் கட்டிய நபடேயர் காலத்துக் கீறல்கள், மனித உருவங்கள், விலங்குகள், பாதங்களின் வடிவம். முதல் ஒரு நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. கண் நிழலுக்குப் பழகிய பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். இவற்றை வெட்டியவர்களில் பலர் அரசவைக் கல்தச்சர்கள் இல்லை, அந்த வழியே மந்தையோடும் ஒட்டகத்தோடும் போன சாதாரண மனிதர்கள். பல கல்வெட்டுகள் ஓர் ஆளின் பெயரும் அவன் தகப்பன் பெயரும்தான். இது என்னை மிகவும் தொட்ட விஷயம், அதனால்தான் இங்கே இருபது நிமிடமாவது நில்லுங்கள் என்கிறேன். அலமேலே, அன்ஃபாஷியே என்ற இடங்களிலும் ஒட்டக வரிசைகள் செதுக்கிய பாறைகள் உண்டு. உங்கள் சுற்றில் அவை வருமா என்று கேட்டுப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கையால் தேய்ப்பதும், தண்ணீர் தெளிப்பதும் கூடவே கூடாது. மணற்கல் உதிரக்கூடியது.

மழை மேகம் தெரிந்தால் மட்டும் இந்த இடுக்குக்குள் நுழையாதீர்கள். தூரத்து மலையில் பெய்த மழை பாறை வழியே திரண்டு, இடுக்குக்குள் திடீர் வெள்ளமாக வரும். டிரைவர் வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம்.

'லாரன்ஸ் ஊற்று' என்று ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். கீழே ஒட்டகங்களுக்கான தண்ணீர்த் தொட்டி மட்டும் இருப்பதைப் பார்த்து, "இதுக்கா வந்தோம்" என்று முகம் சுளிப்பவர்கள் அதிகம். மலைச் சரிவை நிமிர்ந்து பாருங்கள். மணற்கல் மழையை உறிஞ்சிக்கொள்ளும், அடியில் உள்ள கருங்கல் தண்ணீரை விடாது. இரண்டும் சேரும் கோட்டில் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து வெளியே வருகிறது. அந்தக் கோட்டை ஒட்டிப் பச்சை தெரியும். பாலைவனத்தில் மனிதர்கள் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் இருக்க முடிந்ததற்கு இந்தக் கசிவுகள் பெரிய காரணம். இதைப் புரிந்துகொண்டு பார்த்தால் அந்த நிறுத்தம் வீண் இல்லை.

முன்பதிவில் கேட்க வேண்டியவை

'வாடி ரம் கேம்ப்' என்று இணையத்தில் பெயர் போட்டிருப்பவை எல்லாம் வாடி ரம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள், அதாவது காப்பகத்துக்குள் இல்லை. பல பெரிய கேம்ப்கள் வடக்கே டிசி கிராமத்துப் பக்கம், காப்பக எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் ஜீப் உங்களைக் கஸாலிக்குக் கூட்டிப்போகுமா, வேறு பக்கமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரம் கிராமத்துக்காரர்கள் பெரும்பாலும் ஸலாபியா குலத்துப் பதூயின்கள் (பாலைவன அரபு மக்கள்), டிசி பக்கம் ஸுவைதா குலத்தவர். இரு தரப்பும் நல்லவர்கள்தான், ஓட்டும் வழி வேறு.

விலை ஒரு ஜீப்புக்கா, ஒரு ஆளுக்கா? தனி ஜீப்பா, மற்றவர்களோடு சேர்ந்தா? கூட வருகிறவர் விளக்கிச் சொல்லும் கைடா, வண்டி ஓட்டுபவர் மட்டுமா? இந்த மூன்று கேள்வியைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்றாவது கேள்வி மிக முக்கியம். விசிட்டர் சென்டரில் போய் ஜீப் எடுத்தால் வரிசை முறையில்தான் வண்டி வரும், ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. நல்ல மனிதர் வருவார், ஆனால் ஆங்கிலம் குறைவாக இருக்கலாம். கதை கேட்க ஆசைப்படுகிறவர்கள் ரம் கிராமத்தில் ஒரு கைடிடம் நேரடியாகப் பேசி வைத்துக்கொள்வது மேல். ஜோர்டான் பாஸ் என்ற சுற்றுலாக் கூட்டுச் சீட்டு இருந்தால் காப்பக நுழைவுக் கட்டணம் தனியாக இல்லை. ஆனால் ஜீப் கட்டணம் அதில் சேராது, இதைக் குழப்பிக்கொண்டு வாசலில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கையில் தினார் ரொக்கமாக வைத்திருங்கள், அகாபாவிலோ வாடி மூசாவிலோ எடுத்துவிடுங்கள்.

உடம்பு, உடை, உயரம்

பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்து டி-ஷர்ட்டோடு போகிறவர்களைக் குளிர்காலம் வாட்டி எடுத்துவிடும். இந்தச் சமவெளியே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சுற்றியுள்ள மலைகள் 1,700 மீட்டரைத் தாண்டும். சூரியன் மறைந்ததும் வெப்பம் மளமளவென்று இறங்கும், திறந்த பிக்கப்பில் காற்று வேறு முகத்தில் அறையும். நவம்பர் முதல் மார்ச் வரை ஸ்வெட்டருக்கு மேல் ஒரு ஜாக்கெட் கட்டாயம். கோடையில் தோளையும் கழுத்தையும் மூடும் தளர்ந்த பருத்தி உடை, தலையில் ஷெமாக் துணி. அங்கே வாழ்கிறவர்களின் மரியாதைக்கும் அதுதான் பொருத்தம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கழிவறைக்கு விசிட்டர் சென்டரிலேயே போய்விடுங்கள், வழியில் இருக்காது.

உம் ஃப்ரூத் பாலம் சுமார் 15 மீட்டர் உயரம். ஏறுவது பலருக்கு எளிது, இறங்கும்போதுதான் கால் நடுங்கும். வழுக்கும் செருப்போடு, படத்துக்காக, பின்னால் நிற்கும் கூட்டத்தின் அவசரத்துக்காக ஏறாதீர்கள். பயம் இருந்தால் 'சின்னப் பாலம்' இருக்கிறது, குழந்தைகளும் ஏறலாம். புர்தா பாலத்தைக் குறுகிய சுற்றில் கேட்கவே வேண்டாம். அதற்குத் தேர்ந்த கைடும் பல மணி நேரமும் வேண்டும்.

தேநீர்க் கூடாரத்தில் கொடுப்பதை, கடையில் பொருள் விற்பதற்கான தந்திரம் என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள். உட்கார்ந்து சேஜ் இலை போட்ட அந்தத் தித்திப்பான தேநீரைக் குடியுங்கள், வாங்க விருப்பம் இல்லாவிட்டால் நன்றி சொல்லி எழுந்துவிடலாம். கசப்புக் காப்பி கொடுத்தால், போதும் என்பதற்குக் கோப்பையை லேசாக அசைத்துக் காட்டித் திருப்பிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். அசைக்காவிட்டால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பெண்களைப் படம் எடுக்கும் முன் கட்டாயம் கேளுங்கள்.

கடைசியாக, திரும்பும் வண்டி. அஸ்தமனம் பார்த்துவிட்டு ரம் கிராமம் வந்து சேர இருட்டிவிடும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. அகாபாவுக்கோ வாடி மூசாவுக்கோ அன்றே போக வேண்டும் என்றால் டாக்சியை முன்பே பேசி, ஜீப் முடியும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளியே வரச் சொல்லுங்கள். உள்ளே பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, அதனால் டாக்சிக்காரரின் எண்ணை உங்கள் ஜீப் டிரைவரிடமும் கொடுத்து வையுங்கள்.